பையைத் திறந்து காட்டு: கறுப்பு மருத்துவச்சிகளும் நர்ஸ் பிராக்டிஷனர் பட்டமும்

நர்ஸ் பிராக்டிஷனர் என்ற உத்தியோகம் 1965-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. லொரெட்டா ஃபோர்டு என்ற பொதுச்சுகாதார நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து அங்கே ஒரு பயிற்சியைத் தொடங்கினார்கள். டாக்டர் எட்டிப் பார்க்காத ஊர்களில் நர்ஸே குழந்தையை முழுதாகப் பரிசோதிக்க வேண்டும், என்ன நோவு என்று அவரே சொல்ல வேண்டும், தன்னால் முடிந்ததை அங்கேயே பார்த்துவிட்டு முடியாததை மட்டும் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். இதுதான் திட்டம். டாக்டர் சொன்னதைச் செய்கிற கை என்ற இடத்திலிருந்து, தானே யோசித்து முடிவெடுக்கிற ஆள் என்ற இடத்துக்கு நர்ஸ் வந்தார். ஃபோர்டு 2025 ஜனவரியில் 104 வயதில் இறந்தபோது இந்தத் தொழிலின் தாய் என்றுதான் அவரைக் குறிப்பிட்டார்கள். குறிப்பிடட்டும். அவர் செய்தது பெரிய காரியம், அதில் நமக்கு மறுப்பில்லை.

பிறந்தது என்ற சொல்லில்தான் சந்தேகம். டாக்டர் இல்லாத ஊரில், யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல், ஒரு பெண் இன்னொரு பெண்ணின் உடம்பைத் தொட்டுப் பார்த்து முடிவெடுத்து உயிர் காப்பது 1965-ல்தான் தொடங்கியதா? அதற்கு இருநூறு வருஷத்துக்கும் முன்னாலிருந்தே அமெரிக்கத் தென் மாநிலங்களில் இதைச் செய்துகொண்டிருந்தவர்கள் கறுப்புப் பெண்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டுக் கொண்டுவரப்பட்டவர்களோடு பேறு பார்க்கிற அறிவும் கப்பலேறி வந்தது. தோட்டங்களில் அடிமைப் பெண்ணுக்கும் அவளே பிரசவம் பார்த்தாள், எஜமானிக்கும் அவளே பார்த்தாள். அடிமைமுறை சட்டத்தில் ஒழிந்த பிறகும் அப்படித்தான். 'பாட்டி மருத்துவச்சி' என்று அவர்களை அழைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறையப் பாதி மருத்துவச்சிகளின் கையில்தான் பிறந்தன. தெற்கே கறுப்பர்களிடையே இன்னும் அதிகம்.

அவர்களுடைய வேலை, குழந்தையை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்புவதோடு முடியவில்லை. தாய்க்காரி எழுந்து நடமாடும் வரைக்கும் சமைப்பார்கள், துணி துவைப்பார்கள், மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள். கூலி சில நேரம் பணம், சில நேரம் கோழி, சில நேரம் தோட்டத்துக் காய்கறி, பல நேரம் ஒண்ணுமே இல்லை. இதைப் படிக்கும்போது நம்ம ஊர்ப் படியரிசியும் பழஞ்சேலையும் ஞாபகத்துக்கு வந்தால் அது தற்செயல் இல்லை.

1910-களில் மகப்பேறு மருத்துவம் என்ற தனித்துறை அங்கே தலையெடுத்தது. தலையெடுத்த வேகத்தில், மருத்துவச்சி என்றாலே அழுக்கு, அறியாமை, மூடநம்பிக்கை என்று எழுத ஆரம்பித்தார்கள். தாயும் சேயும் சாவதற்கு அவள்தான் காரணம் என்றார்கள். 1921-ல் ஷெப்பர்ட்-டவுனர் சட்டம் வந்தது. தாய் சேய் நலத்துக்கு மத்திய அரசு பணம் ஒதுக்கிய முதல் சட்டம் அது. அந்தப் பணத்தில் தென் மாநிலங்கள் மருத்துவச்சிகளைப் பதிவு செய்தன, வகுப்பு எடுத்தன, அனுமதிச்சீட்டு கொடுத்தன. சட்டம் 1929-ல் காலாவதியானாலும் அது ஏற்படுத்திய கண்காணிப்பு காலாவதியாகவில்லை.

கண்காணிப்பின் மையம் ஒரு பை. ஒவ்வொரு மருத்துவச்சியும் துவைத்த வெள்ளை உறை போட்ட பை வைத்திருக்க வேண்டும். அதற்குள் கத்தரி, தொப்புள்கொடி கட்டும் நாடா, குழந்தையின் கண்ணில் விடும் சில்வர் நைட்ரேட் சொட்டு, வெள்ளை ஏப்ரன், தொப்பி, பிறப்பைப் பதிவு செய்யும் படிவம், இவ்வளவுதான் இருக்கலாம். மூலிகை, கஷாயம், தாயத்து எதுவும் கூடாது. மாதாமாதம் கூட்டம். சுகாதாரத் துறை நர்ஸ் வருவார், பெரும்பாலும் வெள்ளைக்காரி, வயதிலும் சின்னவர். ஆயிரம் குழந்தை எடுத்த கிழவி வரிசையில் நின்று அவரிடம் பையைத் திறந்து காட்ட வேண்டும். கை நகத்தையும் காட்ட வேண்டும். சரியில்லை என்றால் சீட்டு பறிபோகும். இதனால் சிலர் இரண்டு பை வைத்துக்கொண்டார்கள். ஒன்று காட்டுகிற பை, இன்னொன்று வேலை பார்க்கிற பை. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பாட்டன் பாட்டி காலத்து வைத்தியம் எல்லாம் உசத்தி, ஆங்கில மருத்துவம் எல்லாம் சதி என்று பேசுகிற கூட்டம் நம்மிடமும் உண்டு. அந்தப் பக்கம் நான் போகவில்லை. சில்வர் நைட்ரேட் சொட்டு எத்தனையோ குழந்தைகளின் கண்ணைக் காப்பாற்றியது. கொதிக்க வைத்த கத்தரி, தொப்புள்கொடி வழியாக வருகிற வில்வாத ஜன்னியைத் தடுத்தது. வகுப்புக்குப் போன மருத்துவச்சிகளே இதையெல்லாம் ஆர்வமாகக் கற்றுக்கொண்டார்கள். கேள்வி வேறே. அழுக்கு யார் கையில் இருந்தது என்று யாராவது எண்ணிப் பார்த்தார்களா? பார்த்தார்கள். நியூயார்க் மருத்துவக் கழகம் அந்த நகரத்துத் தாய்ச்சாவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1933-ல் அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலான சாவுகள் தடுத்திருக்கக்கூடியவை, அதற்கு முதல் பொறுப்பு டாக்டர்களே என்றது அந்த அறிக்கை. தேவையில்லாமல் ஆயுதம் போட்டார்கள், தேவையில்லாமல் அறுத்தார்கள், கை சுத்தமில்லை. ஆனாலும் ஒரு டாக்டரையும் வரிசையில் நிறுத்தி, 'பையைத் திற' என்று யாரும் சொல்லவில்லை.

இதே காலத்தில் வெள்ளையர் பகுதியில் என்ன நடந்தது? 1925-ல் மேரி பிரெக்கின்ரிட்ஜ் என்ற வசதியான குடும்பத்துப் பெண், இங்கிலாந்தில் மருத்துவச்சிப் பயிற்சி பெற்றுவந்து, கென்டக்கி மலைப்பகுதியில் குதிரை மீது போய்ப் பேறு பார்க்கும் நர்ஸ்களின் சேவையைத் தொடங்கினார். நல்ல சேவைதான், மலையில் சாவு குறைந்தது. ஆனால் அதற்கு நன்கொடை திரட்டும்போது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, மலைவாசிகள் கலப்பில்லாத ஆங்கிலோ-சாக்ஸன் வம்சம் என்பது. குதிரையேறிய வெள்ளை நர்ஸ் வீராங்கனை ஆனார், கழுதை வண்டியில் போன கறுப்புக் கிழவி 'பிரச்சினை' ஆனார்.

சரி, படித்துப் பட்டம் வாங்கின கறுப்புப் பெண்களுக்காவது வழி கிடைத்ததா என்று கேட்கலாம். இரண்டு பேரைப் பார்ப்போம்.

மாட் காலன் 1898-ல் பிறந்தவர். முறையாகப் படித்த நர்ஸ், மருத்துவச்சி. 1923-ல் தென் கரோலினாவின் பெர்க்லி மாவட்டத்தில் பைன்வில் என்ற ஊருக்கு வந்தவர் பிறகு அங்கேயே வாழ்ந்து முடித்தார். சேறும் மணலுமான பாதை. ஏழைக் கறுப்பர்கள். அவர் பிரசவம் பார்த்தார், தடுப்பூசி போட்டார், காசநோயைக் கண்டுபிடித்தார், என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார், மற்ற மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். 1951 டிசம்பரில் 'லைஃப்' பத்திரிகையில் யூஜின் ஸ்மித் எடுத்த புகைப்படங்களோடு அவரைப் பற்றிய கட்டுரை வந்தது. வாசகர்கள் அனுப்பின பணத்தில் 1953-ல் ஒரு கிளினிக் கட்டினார்கள். 1971-ல் ஓய்வு பெற்றார், 1990-ல் இறந்தார். இன்றைக்கு நர்ஸ் பிராக்டிஷனரின் பணி என்று கல்லூரிக் கையேட்டில் போட்டிருப்பதையும் காலனின் ஒரு நாள் வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். கொலராடோவுக்கு நாற்பது வருஷம் முந்தி இது. ஆனால் தொழிலின் பிறப்பு வருஷம் 1965 என்றே நிற்கிறது.

இன்னொருவர் யூனிஸ் ரிவர்ஸ். அவரும் நன்றாகப் படித்த கறுப்பு நர்ஸ், அலபாமாவின் டஸ்கீகியில் வேலை. 1932-ல் அரசாங்கப் பொதுச் சுகாதாரத் துறை அங்கே ஒரு 'ஆய்வு' தொடங்கியது. சிஃபிலிஸ் கண்ட 399 கறுப்பு ஆண்களுக்கு, நோய் என்னவென்றே சொல்லாமல், அது எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத 201 பேர். 1940-களின் பிற்பாதியில் பென்சிலின் கைக்கு வந்த பிறகும் கொடுக்கவில்லை. 1972-ல் பத்திரிகையில் அம்பலமாகும் வரை 40 வருஷம் நடந்தது. அந்த ஆண்களைக் காரில் அழைத்து வந்தது, நயமாகப் பேசித் தொடர வைத்தது எல்லாம் ரிவர்ஸ்தான். அவரைத் திட்டுவது சுலபம். அவரிடம் பட்டம் இருந்தது, முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. சொன்னதைச் செய்வதே நல்ல நர்ஸின் இலக்கணம் என்று வளர்க்கப்பட்டவர். நர்ஸ் தானே முடிவெடுப்பது என்பது சம்பள விஷயமோ கௌரவ விஷயமோ மட்டுமல்ல என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அதே டஸ்கீகியில் 1941-ல் கறுப்பு நர்ஸ்களுக்காக ஒரு நர்ஸ்-மருத்துவச்சிப் பள்ளி தொடங்கினார்கள். ஐந்து வருஷத்தில் 31 பேர் படித்து முடித்தார்கள். 1946-ல் பள்ளி மூடப்பட்டது.

பாட்டி மருத்துவச்சிகளை ஒழித்தது யார் என்ற கேள்விக்கு நேரான பதில் கிடையாது. இந்த இடம்தான் எனக்குச் சிக்கலாக இருக்கிறது. அவர்கள் நீடித்ததற்கு ஒரு காரணம் இன ஒதுக்கல். வெள்ளையர் ஆஸ்பத்திரிகளில் கறுப்புப் பெண்களைச் சேர்க்கவில்லை, சேர்த்தாலும் தனி வார்டு, சில இடங்களில் நிலவறை. 1946-ல் வந்த ஹில்-பர்ட்டன் சட்டம், 'தனித்தனி ஆனால் சமம்' என்ற பொய்யை ஒப்புக்கொண்டே ஆஸ்பத்திரி கட்டப் பணம் கொடுத்தது. கறுப்பு டாக்டர்களும் நோயாளிகளும் வழக்குப் போட்டார்கள். 1963-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளியது. 1966-ல் மெடிக்கேர் திட்டம் அமலுக்கு வந்தபோது, இன ஒதுக்கல் இருந்தால் பணம் இல்லை என்று அரசு சொன்னது. ஆஸ்பத்திரிக் கதவு திறந்தது. அது போராடிப் பெற்ற வெற்றி, அதில் ஒரு எழுத்தையும் குறைக்க நான் தயாரில்லை. ஆனால் அந்தக் கதவு திறந்த அதே வருஷங்களில் மருத்துவச்சியின் அனுமதிச்சீட்டு ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்டது. கறுப்புத் தாய் உள்ளே போனாள். அவளுக்குப் பேறு பார்த்தவள் வெளியே நின்றாள். வார்டு ஆயாவாகக்கூட அவளைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அலபாமா 1976-ல் பாட்டி மருத்துவச்சிகளின் தொழிலைச் சட்டத்திலிருந்தே நீக்கியது. மொபைல் நகரத்தில் ஓனி லீ லோகன் 1949 முதல் அனுமதி பெற்றுப் பேறு பார்த்தவர். பகலில் வெள்ளையர் வீட்டில் வீட்டுவேலை, அழைப்பு வந்தால் பிரசவம். 1984-ல் இனி வேண்டாம் என்று அவரிடம் சொன்னார்கள். ஜார்ஜியாவின் மேரி கோலி கதை இன்னும் விசித்திரம். 1953-ல் அந்த மாநிலச் சுகாதாரத் துறையே அவரை வைத்து, மருத்துவச்சிகளுக்குப் பாடம் சொல்ல ஒரு படம் எடுத்தது. அந்தப் படம் 2002-ல் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் பாதுகாக்கப்பட வேண்டியதாகச் சேர்க்கப்பட்டது. படத்தைப் பாதுகாத்தார்கள், அவர் செய்த தொழிலைப் பாதுகாக்கவில்லை.

இப்போது 1965-க்குத் திரும்புவோம். அதே வருஷம் வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற டாக்டர் 'டாக்டருக்கு உதவியாளர்' என்ற இன்னொரு உத்தியோகத்தைத் தொடங்கினார். முதலில் நர்ஸ்களுக்குத்தான் கூடுதல் பயிற்சி கொடுக்க முயன்றார். நர்ஸிங் கல்வி அமைப்பு அதற்கு அங்கீகாரம் தரவில்லை. அதனால் கடற்படையில் மருத்துவ வேலை பார்த்துத் திரும்பிய நான்கு ஆண்களை எடுத்துக்கொண்டார். அவர்கள் படையில் கற்ற அனுபவம் தகுதியாக ஏற்கப்பட்டது. ஏற்றது சரிதான். டியூக் இருக்கிற அதே வட கரோலினாவில் முப்பது நாற்பது வருஷம் பேறு பார்த்த கறுப்புப் பெண்கள் அப்போது உயிரோடுதான் இருந்தார்கள். அவர்கள் அனுபவம் யாருக்கும் தகுதியாகத் தெரியவில்லை. ராணுவத்தில் படித்தால் அனுபவம், பேற்றறையில் படித்தால் மூடநம்பிக்கை. என்ன நியாயம்யா இது?

நர்ஸ் பிராக்டிஷனருக்கும் பாதை சுலபமாக அமையவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நர்ஸிங் துறைத் தலைவர்களிலேயே சிலர், இது நர்ஸை அரைகுறை டாக்டர் ஆக்குகிற வேலை என்று எதிர்த்தார்கள். டாக்டர் சங்கங்கள் எதிர்த்தன. 1971-ல் ஐடஹோ மாநிலம்தான் முதன்முதலில் சட்டத்தில் இடம் கொடுத்தது. கனடாவின் பர்லிங்டன் ஊரில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சோதனையின் முடிவு 1974-ல் வந்தது. நர்ஸ் பார்த்தவர்களுக்கும் டாக்டர் பார்த்தவர்களுக்கும் உடல்நிலையில் வேறுபாடு இல்லை. 2000-த்தில் நியூயார்க்கில் 1,316 பேரை வைத்து நடத்திய சோதனையும் அதையே சொன்னது.

இன்றைக்கு அங்கே அந்தப் பட்டம் வாங்க என்ன வேண்டும்? முதலில் நர்ஸிங் பட்டம், உரிமத் தேர்வு. அதற்கு மேல் முதுகலை, அல்லது நர்ஸிங்கில் டாக்டர் பட்டம். குடும்ப நலம், குழந்தை, முதியோர், மனநலம், பெண்கள் நலம் என்று ஒரு பிரிவு. நோயாளிகளோடு நூற்றுக்கணக்கான மணிநேர நேர்ப்பயிற்சி. தேசிய அளவில் சான்றுத் தேர்வு. பிறகு மாநிலத்தின் உரிமம். மருத்துவச்சி வேலைக்கு இதுபோலவே தனிப் படிப்பு, தனிச் சான்று. ஆரம்பத்தில் சில மாதப் பயிற்சியாக இருந்தது ஆறேழு வருஷப் படிப்பாக வளர்ந்துவிட்டது. அறிவு வளர்ந்தால் படிப்பும் வளரும், சரி. ஆனால் ஒவ்வொரு படியும் உயரும்போது கீழே நிற்பவர்களில் யார் கடன் வாங்கி ஏற முடியும் என்பதும் கூடவே முடிவாகிறது. நர்ஸ் பிராக்டிஷனர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். நாடு முழுக்க நர்ஸ்-மருத்துவச்சிகளில் கறுப்பர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை.

பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் டாக்டரின் மேற்பார்வை இல்லாமலே வேலை பார்க்க இவர்களை இப்போது அனுமதிக்கின்றன. அனுமதிக்காத பட்டியலில் அலபாமா, ஜார்ஜியா, தென் கரோலினா இருக்கின்றன. அங்கெல்லாம் டாக்டரோடு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அந்தக் கையெழுத்துக்குப் பல நர்ஸ்கள் மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள். பையைத் திறந்து காட்டச் சொன்ன அதே மாநிலங்கள். டாக்டர் மிகக் குறைவாக உள்ள மாவட்டங்களும் அங்கேதான். 2023-ல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தாய்ச்சாவு வெள்ளைப் பெண்களிடையே 14.5, கறுப்புப் பெண்களிடையே 50.3. பாட்டி மருத்துவச்சிதான் சாவுக்குக் காரணம் என்றார்களே, அவளை ஒழித்து அரை நூற்றாண்டு ஆகிறது.

இந்தப் பட்டம் நம் நாட்டுக்கும் வந்துவிட்டதால்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது. இந்திய நர்ஸிங் கவுன்சில் 2016-ல் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான நர்ஸ் பிராக்டிஷனர் முதுகலைப் படிப்பைக் கொண்டுவந்தது. 2018-ல் மத்திய அரசு மருத்துவச்சி சேவைக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஏற்கெனவே நர்ஸாகப் பதிவு பெற்றவர்கள் 18 மாதம் படித்து மருத்துவச்சி நர்ஸ் பிராக்டிஷனர் ஆகலாம். இங்கேயும் டாக்டர்கள் சும்மா இருக்கவில்லை. 2019-ல் தேசிய மருத்துவ ஆணைய மசோதா, டாக்டர் அல்லாதவர்களுக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் தரலாம் என்றபோது, இந்திய மருத்துவச் சங்கம் ஜூலை 31 அன்று நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தது.

இங்கே பேறு பார்த்தது யார்? தமிழ்நாட்டுக் கிராமங்களில் மருத்துவர் சாதிப் பெண்கள், அதாவது நாவிதர், அம்பட்டர் என்று ஊர் இளக்காரமாக அழைத்தவர்களின் வீட்டுப் பெண்கள். பல ஊர்களில் சேரிப் பெண்கள். வடக்கே தொப்புள்கொடி அறுக்க என்றே சமார் பெண்களைக் கூப்பிட்டார்கள். இரத்தமும் நஞ்சுக்கொடியும் தீட்டு, எனவே அதைத் தொடும் வேலை தீட்டுப்பட்டவளுக்கு. அவள் கையில் பிறந்த பிள்ளை வளர்ந்து அவளை வாசலில் நிறுத்திப் பேர் சொல்லி, 'வாடி போடி' என்று கூப்பிடும். 1926-ல் சென்னை மாகாணத்தில் நர்ஸ்கள், மருத்துவச்சிகள் சட்டம் வந்து பதிவேடு திறந்தது. பரிட்சை எழுதியவர் பெயர் பதிவேட்டில் ஏறியது. ஊர் மருத்துவச்சிக்கு அவ்வப்போது பயிற்சியும் ஒரு பெட்டியும் கொடுத்தார்கள். 2005-க்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பிரசவமே கொள்கை என்றானதும் அதுவும் நின்றது.

நம் ஆட்களில் சிலர், 'போனது நல்லதுதானே, சாதித்தொழில் ஒழியட்டும்' என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. பறை அடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்றபோது நாம் சொன்னதும் அதுதான். ஒரு மருத்துவச்சியின் மகள், 'எங்காத்தா வேலை எனக்கு வேணாம்' என்று சொல்வது அவளுடைய உரிமை. ஆஸ்பத்திரிப் பிரசவத்தால் நம் பெண்கள் பிழைத்ததையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பறையை விட்டபோது பறை அங்கேயே கிடந்தது. பிரசவ வேலையில் தீட்டை மட்டும் நம்மிடம் விட்டுவிட்டு வேலையைப் பட்டமாக்கி, சம்பளமாக்கி எடுத்துக்கொண்டு போனார்கள். இன்றும் அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ அறையில் இரத்தம் துடைக்கிற கை யாருடையது, கேஸ் ஷீட்டில் கையெழுத்துப் போடுகிற கை யாருடையது என்று போய்ப் பாருங்கள். புதுப் படிப்பில் சேர நர்ஸிங் படிப்பும் பதிவு எண்ணும் வேண்டும். அந்த வழியில் நம் பிள்ளைகள் ஏறத்தான் வேண்டும், இடஒதுக்கீடு ஒவ்வொரு இடத்திலும், தனியார் நர்ஸிங் கல்லூரி உட்பட, நிரப்பப்படுகிறதா என்று கேட்கத்தான் வேண்டும்.

லோகன் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதியதுதான் 1989-ல் புத்தகமானது. அலபாமாவின் கிரீன் மாவட்டத்தில் மூன்றாயிரம் பேறுக்கு மேல் பார்த்த மார்கரெட் சார்ல்ஸ் ஸ்மித்தின் வாழ்க்கையும் அப்படித்தான் 1996-ல் வந்தது. 2004-ல் அவர் இறந்துவிட்டார். நம் ஊர்களில் பேறு பார்த்தவர்கள் இப்போது எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் அனுமதித்தால் பேரும் ஊரும் போட்டு, எப்போது கற்றார், யாரிடம் கற்றார், கொடி சுற்றிய பிள்ளையை எப்படி எடுத்தார், என்ன கூலி கொடுத்தார்கள், எங்கே நிறுத்தி வைத்துக் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். அவர்கள் பேச்சு எப்படி வருகிறதோ அப்படியே எழுதுங்கள்.